சிறு கணனியும் நுண்கட்டுப்படுத்தியும்

கையகலமேயுள்ள ஒரு கணனி, தன்னினும் எளிய ஒரு பொறிக்குச் செய்தி அனுப்பும் முறையினை இன்று சிறிது ஆராய்வோம். 2012 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ராஸ்பெரி பை ஒரு முழுக் கணனி. 2005 ஆம் ஆண்டளவில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் தோன்றிய ஆர்டுயினோ இனத்துப் பலகையாகிய ஊனோவில் இருப்பதோ நுண்கட்டுப்படுத்தி. முன்னையது கணிப்பதில் வல்லது. பின்னையது விளக்கையும் நீர்ப்பம்பியையும் குறித்த கணத்தில் இயக்குவதில் வல்லது.

ஓரெழுத்தைக் குறிக்கும் எட்டுப் பிட்டுகளும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. தொடக்கத்துக்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றும் சேர, எழுத்துக்குப் பத்தாகும். செக்கனுக்கு 9600 பிட்டு என வேகத்தை வகுத்தால் 960 எழுத்துக்கள் செல்லும். பிட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோசெக்கனே கிடைக்கும். இரு பொறிகளுக்கும் பொதுவான கடிகாரம் இல்லாமையால், இவ்வேகத்தை இரண்டும் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் எழுத்து வரும், பொருள் வராது. இவ்வேகத்துக்கு வழங்கும் 'போட்' என்னும் பெயர், 1874 இல் தமது தந்தி முறைக்கு உரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் நினைவாக வந்தது.

கணனியின் பக்கம் பைதன் மொழியில் எழுதப்படும் நிரல் நாலைந்து வரிகளுக்கு மேற்படாது. பைசீரியல் என்னும் தொகுதியை அழைத்து, வாயிலைத் திறந்து, செய்தியைப் பைட்டுகளாக மாற்றி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. முடிந்ததா? அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர்.

யூஎஸ்பி வடத்தின் வழியே வாயிலைத் திறந்த அக்கணமே ஊனோ தன் வேலையை விட்டு மீளத் தொடங்குகின்றது. புதிய நிரலை எளிதில் ஏற்றுவதற்கென்றே அவ்வாறு அமைத்துள்ளனர். அவ்வோரிரு செக்கன்களில் வரும் கட்டளை நமது நிரலைச் சென்றடைவதில்லை. கணனியோ எழுதி முடித்ததாகவே கூறும். செய்தியைத் தன் இயங்குதளத்திடம் ஒப்படைத்ததைத்தான் அது அறியும். பம்பியைத் தொடக்கும் கட்டளை இவ்வாறு தொலையுமாயின், நாற்றுக்கள் வாடிய பின்னரே நமக்குத் தெரியவரும். இரண்டு செக்கன் காத்திருத்தல் வழக்கமான பரிகாரம். பலகையே 'ஆயத்தம்' என்று எழுதி அனுப்ப, அதனைப் பெற்ற பின்னர் பேசத் தொடங்குவது அதனினும் மேல். ஒவ்வொரு கட்டளைக்கும் வாயிலை மூடித் திறவாது, திறந்தபடியே வைத்திருத்தலும் வேண்டும்.

இன்னொன்று: ஊனோவின் வரவுக் களஞ்சியம் 64 எழுத்தளவே கொள்வது. பலகையின் நிரல் ஒரு செக்கன் வாளாவிருக்க, கணனி இடைவிடாது அனுப்பினால் மிகுதி சிந்திப்போகும். ஆதலால் கட்டளையைச் சுருக்கி, வரிமுடிவுக் குறியிட்டு, மறுமொழி பெற்ற பின்னரே அடுத்ததை அனுப்புக.

யூஎஸ்பி இன்றி முனைகளை நேரே இணைப்போர், ஒன்றின் அனுப்பு முனையை மற்றதன் பெறு முனையுடன் இணைப்பர். கணனியின் 3.3 வோல்ற்றை ஊனோ ஏற்கும். ஊனோவின் 5 வோல்ற்றோ கணனியின் முனையைப் பழுதாக்கக்கூடும். ஊனோவின் அனுப்பு முனையிலிருந்து 1000 ஓம் தடையியும், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 2000 ஓம் தடையியும் இட்டு, இரண்டும் கூடுமிடத்திலிருந்து கணனிக்குக் கம்பி எடுத்தால் அழுத்தம் 3.3 வோல்ற்றளவுக்குத் தாழும். இரு பலகைகளின் தரை முனைகளையும் ஒன்றாக இணைக்க மறத்தலாகாது.