கூலியா, கொடையா?

ரோமாபுரியில் வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில் ஒரு கூலிக் கணக்கு வருகிறது. வேலை செய்தவன் பெறும் கூலியை எவரும் அருள் என்று சொல்வதில்லை, அது அவனுக்குச் சேர வேண்டிய கடன் என்கிறார் அவர். காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. பட்டு நூலும் சரிகையும் வாங்கிச் சென்று, சேலையாக நெய்து கொடுத்துக் கூலி பெறும் நெசவாளருக்கு இது நன்றாகவே தெரியும். முன்பணம் கழித்துக் கைக்கு வரும் தொகை குறைந்தால் அவர் கேட்பது உரிமையை; இரக்கத்தை அன்று.

கடவுளோடும் மனிதனுக்கு இத்தகைய கணக்கே உண்டு என்பது பெரும்பாலோர் எண்ணம். நம் ஊர்க் கிறிஸ்தவர்களிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். தவறாமல் ஆராதனைக்குச் செல்வது, தசமபாகம் கொடுப்பது, குடிக்காமல் இருப்பது எனச் சிலவற்றின் கூட்டுத்தொகையே இரட்சிப்பு என்று அவர்கள் நம்புவதைக் கேட்டிருக்கிறேன். பவுல் சொல்வது இதற்கு நேர் எதிரானது. மீட்பு என்பது கொடை. கிறிஸ்துவின் சிலுவை மரணத்தில் கடவுள் அதைச் செய்து முடித்துவிட்டார். மனிதன் நம்பிக்கையோடு கைநீட்டிப் பெற்றுக்கொள்கிறான். நற்செயல்கள் அதற்குப் பின் வருபவை. கனி மரத்தில் வருவதுபோல.

இந்தக் கருத்து ஐரோப்பாவைப் பிளந்தது. 1505இல் எர்ஃபர்ட் நகரத் துறவு மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதர், விதிகளை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே கடைப்பிடித்தவர். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதே அவருடைய துயரம். விடையை அவர் ரோமர் மடலில் கண்டார். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் எழுதிய 95 கருத்துரைகள் தொடங்கிவைத்த பிளவு, 1999 அக்டோபர் 31 அன்றுதான் ஓரளவு ஆறியது. அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும், மனிதன் தன் தகுதியால் அல்லாமல் அருளாலேயே ஏற்கப்படுகிறான் என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

லூதரின் கோட்பாட்டைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. ஆனால், ‘அருளா, முயற்சியா’ என்ற விவாதம் அவர் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு முற்றியிருந்தது. தென்னேரிக்காரர்கள் பேருந்தில் போய் இறங்கும் காஞ்சி நகரமே அதன் களங்களில் ஒன்று. அந்நகரின் தூப்புல் பகுதியில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார், குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதைப்போல உயிரும் இறைவனைப் பற்ற வேண்டும் என்றனர். திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையாருக்குப் பூனைக்குட்டி போதும். அது ஒன்றும் செய்வதில்லை. தாய்தான் வாயால் கவ்விச் செல்கிறது.

இவற்றுள் ஒன்றை எளிதில் தள்ளிவிட முடியாது. உயிரின் தரப்பில் ஒரு சிறு சாக்காவது இல்லையென்றால், இறைவன் ஒருவனைக் காத்து இன்னொருவனை விடுவது ஓரவஞ்சனை ஆகாதா என்பது தேசிகரின் கவலை. சரணடைவதையே ஒரு சாதனையாக எண்ணிவிட்டால் மறுபடியும் கூலிக் கணக்குக்கே திரும்பிவிடுவோம் என்பது லோகாசாரியர் தரப்பின் கவலை. ‘என் விசுவாசம் பெரிது’ என்று மேடையில் முழங்குவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு லோகாசாரியர் நினைவு வருகிறது.

ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து, வைணவத்தின் அருள்நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டும் ஒன்று என்று அவர் முடிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். வைணவன் அருளால் பிறவிச் சுழலிலிருந்து விடுதலை பெறுகிறான். கிறிஸ்தவன் அருளால் பெறுவது முதலில் குற்றத்துக்கான மன்னிப்பு. அந்த மன்னிப்பு பெறுபவனுக்கு இலவசம், கொடுத்தவருக்கு இலவசம் அன்று. பொந்தியு பிலாத்துவின் ஆட்சிக் காலத்தில், எருசலேமுக்கு வெளியே, ஓர் உயிர் அதற்கு விலையானது என்கிறது கிறிஸ்தவம். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, பின்னாளில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைப் பாடியபோது, இந்த இரண்டு அருள்மொழிகளும் ஒரே தமிழில் கலந்தன.

காஞ்சி மரபில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பூந்தமல்லியில் பிறந்த, அந்தணர் அல்லாத திருக்கச்சி நம்பி வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டர். இராமானுசரின் ஐயங்களுக்குப் பெருமாள் இவர் வழியாகவே ஆறு விடைகளைத் தந்தார் என்பது குருபரம்பரைக் கதை. சரணடைந்தவன் சாகும் தறுவாயில் இறைவனை நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவற்றுள் ஒன்று. நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் தந்தையின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்கு இதைவிட ஆறுதல் உண்டா? அருள்நெறியின் பயன் இத்தகைய இடத்தில்தான் தெரிகிறது.

விதியை நம்பியிராதவன் மனம்போனபடி வாழ்வானே என்ற வினா இரு மரபுகளுக்கும் பழையது. பவுலே அதை எழுப்பி, பாவத்துக்கு மரித்தவன் அதிலே எப்படித் தொடர்ந்து வாழ்வான் என்று மறுமொழி கூறியிருக்கிறார். நடைமுறையில் நான் காணும் ஆபத்து இதற்கு மறுபுறத்தில் இருக்கிறது. அருளைப் பேசுவோரே வாசலில் விதிகளை நட்டுவிடுகிறார்கள்.

காஞ்சி வரதர் கோயிலில் பிரபந்தம் ஓதுவதற்கு முன் எந்தத் தனியனைச் சொல்வது என்ற வழக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீதிமன்றம் ஏறி வருகிறது. ஒரு கலையாரின் தனியன் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’, மற்றவருடையது ‘ராமானுஜ தயாபாத்ரம்’. இரண்டிலும் உள்ள தயாபாத்ரம் என்ற சொல்லுக்கு அருளைப் பெறும் கலம் என்று பொருள்.

தேவாலயங்களின் கதை இதைவிட வருத்தம் தருவது. மீட்பு விலையின்றிக் கிடைக்கிறது என்று பிரசங்கிக்கப்பட்ட இடங்களில் சாதிவாரியாக அமர்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணத்தில் யார் முதலில் பருகுவது என்பதையும் சாதியே தீர்மானித்தது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபையில் உடனே முற்றிலுமாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். சாதியை விட மனமில்லாத பலர் பின்னர் அச்சபையை விட்டே வெளியேறினர். 1840களில் தரங்கம்பாடிக்கு வந்து, சாதி விஷயத்தில் தளர்வாக நடந்துகொண்ட லைப்சிக் மிஷன் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அது லூதரின் வழிவந்த மிஷன்.