எண்ணெய் போக மிஞ்சியது

திருப்பூரை அடுத்த மங்கலம் விசைத்தறி ஊர். நூலாக அங்கே வந்து சேரும் பருத்திக்கு உடன்பிறந்த ஒன்று வேறு பாதையில் போய்விடுகிறது. பஞ்சு பிரித்த பின் நிற்கும் கொட்டை எண்ணெய் ஆலைக்குப் போய், புண்ணாக்காகி, மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது கொங்கு நாட்டின் பழைய வழக்கம்தான்.

அதையே முட்டைக்கோழிக்கு நிறைய வைத்தால்?

இருப்பு வைத்த முட்டையை உடைக்கும்போது தெரியும். மஞ்சள் கரு பாசி பிடித்ததுபோல் பச்சை தட்டியிருக்கும். வெள்ளைக் கரு சில சமயம் இளஞ்சிவப்பாகவும் மாறும். பருத்திக்கொட்டையில் உள்ள காசிப்பால் என்ற நச்சு நிறமி, கருவின் இரும்புச்சத்தோடு சேர்வதால் வரும் பச்சை அது. அசைபோடும் மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இந்த நஞ்சைப் பெருமளவு முடக்கிவிடும். கோழிக்கு அந்த வயிறு இல்லை.

இருந்தும் ஆலைக் கழிவுகளைக் கோழிப் பண்ணைகள் தேடி அலையக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பல்லடம் கறிக்கோழிக்கும், நாமக்கல் முட்டைக்கும் பேர்போனவை. பண்ணைச் செலவில் 100 ரூபாய்க்கு 65, 70 ரூபாய் தீவனத்துக்கே போகிறது. அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் திட்டத்துக்காக எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்க, கோழிக்குப் போட்டி வந்தது. ஆலை மாவுச்சத்தை எடுத்துக்கொண்டு, டன்னில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உலர்ந்த சக்கையாகத் திருப்பித் தருகிறது. பண்ணைக்காரர்கள் இதை டிடிஜிஎஸ் என்கிறார்கள். புரதம் செறிந்தது, விலையும் சோயாவைவிடக் குறைவு. ஆனால் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்திருந்தால், அதுவும் ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்துவிடும்.

பூஞ்சை நஞ்சை லேசாக எண்ணக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை உலகம் அடையாளம் கண்டது அந்தச் சாவுகளைத் துருவியபோதுதான்.

திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும் நிறைய. தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 சதவீதம் புரதம் உண்டு. நார் அதிகம், லைசின் குறைவு என்பதால் அளவோடுதான் சேர்க்க முடியும்.

தவிட்டின் கதை வேறு. 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பின்னாளில் பி1 வைட்டமின் என்று பெயர் பெற்ற சத்துக்கு வழிகாட்டிய அந்த வேலைக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆலைக் கழிவு என்று ஒதுக்கிய பொருளில் உயிர்ச்சத்து இருந்ததைக் காட்டிக்கொடுத்தவை கோழிகளே!

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு நிறுவனமே தீவனத்தை அனுப்பிவிடும். கலவையில் அவர்கள் கைவைக்க இடமில்லை. சொந்தமாகத் தீவனம் அரைக்கும் முட்டைப் பண்ணைகளும், பத்து இருபது நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீடுகளும்தான் மூட்டை மூட்டையாகத் தேர்ந்து வாங்க வேண்டியவர்கள். பெரிய பண்ணைகள் மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பலாம். வீட்டில் கோழி வைத்திருப்பவருக்குத் தவிட்டைச் சோதிக்கக் கையும் மூக்கும் போதும். புதுத் தவிடு லேசாக இனிப்பாக மணக்கும். எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே காறல் நெடி அடிக்கத் தொடங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டால், கலப்படம் செய்த உமி மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும்.