உங்களுக்குத் தெரியுமா? ஏழாவது ஸ்டேஷனில் ஓர் ஆய்வக ஊர்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் தரமணி. அங்கிருந்து அடையாறு, கிண்டி வரை அடுத்தடுத்து ஆய்வுக்கூடங்கள்தான்!

● கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கப்பட்டதே, பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரித்து மாவட்டங்களுக்கு அனுப்பத்தான். 1948-ல் கிண்டியிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகமும் வந்தது.

● நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம், மூன்று புரி பின்னிய சடை மாதிரி இருக்கும். இதைக் கண்டறிந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்குத் தோதான கொலாஜன் எங்கே கிடைத்தது தெரியுமா? அக்கம்பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில். அது ஒரு கங்காருவின் வால் தசைநார்!

● உலக உணவுப் பரிசை முதன்முதலில், 1987-ல், பெற்றவர் எம்.எஸ்.சுவாமிநாதன். அந்தப் பணத்தைக் கொண்டு மறு ஆண்டே ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். தரமணியில் உள்ள அந்த நிறுவனம், உப்பு நீரில் வளரும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்துப் பார்த்தது. அந்த நெல் இன்னும் விவசாயி வயலுக்கு வரவில்லை.

● சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கென்றே ஓர் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. சுதந்திரப் பொன்விழாவின் பெயரில் அமைந்தது.

● புதிதாகத் தொழில் தொடங்குபவரால் விலை உயர்ந்த ஆய்வுக் கருவிகளைச் சொந்தமாக வாங்க முடியுமா? அதற்காகவே தரமணி டைசல் பயோ பார்க்கில் பொதுக் கருவிக்கூடம் வைத்தார்கள். பூங்காவைக் கட்டியது மாநில அரசின் டிட்கோ.

● ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களுடன் சேர்ந்து ஆய்வு செய்வது, மாணவர்களுக்குப் பயிற்சி தருவது என்று நிறுவனங்கள் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். கம்பெனியும் கல்லூரியும் முகம் பார்க்காமல் ஒரே வளாகத்தில் இருந்து என்ன பயன்?

உங்கள் வீட்டில் பயோடெக் படிக்கும் பிள்ளை இருந்தால், பெங்களூருக்கு விண்ணப்பம் போடும் முன் தரமணிக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். பயிற்சிக்கு இடம் கேட்க வேண்டிய வாசல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.