எல்லையில் நிற்கும் முப்பது

1956-இல் கேரளத்தோடு நின்றுவிட்ட வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ச் சிறுவர் கணிப்பொறிக்கு ஆணை எழுதப் பழகுங்கால் தடுமாறக்கூடிய இடம் நிபந்தனையே. பெரும்பாலான நிரல்மொழிகளில் 'இஃப்' என்னும் ஆங்கிலச் சொல் முன்னே வரும். நாமோ 'பெய்தால்' என்று பின்னே வைக்கிறோம். முத்தையா அண்ணாமலை 2009-இல் விளக்கியெழுதிய 'எழில்' என்னும் நிரல்மொழி நம் வழக்கையே தழுவியது: நிபந்தனை முதலில், அடுத்து 'ஆனால்', அது பொய்யாயின் 'இல்லை', ஈற்றில் 'முடி'.

தேர்ச்சிக்கு 30 மதிப்பெண் போதும் எனக் கொள்வோம். '30-க்கு மேல் ஆனால் தேர்ச்சி; இல்லை, தோல்வி' என்றெழுதினால், சரியாக 30 பெற்ற சிறுமி தோற்றுவிடுவாள்! நம் உள்ளக்கருத்தைப் பொறி அறியாது. எல்லைக்கோட்டில் நிற்பவரை எப்பக்கம் சேர்ப்பது என்பது எல்லையூராருக்குப் புதிய வினாவன்று. '30 அல்லது அதற்கு மேல்' எனத் திருத்தி, 29, 30, 31 என மூன்றையும் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.