மூன்று நட்சத்திரமும் ஒரு தப்பான புகாரும்

ட்ரேஸ்ரூட் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப் போட்டதற்குக் காரணம் கொஞ்சம் வெட்கம். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம். சாயங்காலம் ஆனால் வீடியோ கால் திக்கித் திக்கி நிற்கும். நானும் இன்ஜினியர்தானே? டெர்மினலைத் திறந்து, சிங்கப்பூரில் இருந்த எங்கள் சர்வருக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டினேன். நாலாவது வரியில் மூன்று நட்சத்திரக் குறி. ஐந்தாவது வரியில் 180 மில்லிசெகண்ட். கண்டுபிடிச்சாச்சு!

இணைப்பு சரிபார்க்க வந்த பையன், "சார், ஒருதடவை வயர் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி, "உங்க ரவுட்டர்தான் செத்துக் கிடக்கு, இதைப் பாருங்க தம்பி"ன்னு அனுப்பி வைத்தேன். அதோடு விடாமல், வந்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று எழுத்தில் புகாரும் கொடுத்தேன்.

விஷயம் தெரியாதது எனக்குத்தான். அது புரிய ஒரு வாரம் படிக்க வேண்டியிருந்தது.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு "ஆயுள் முடிந்தது" என்று ஒரு பதில் அனுப்பும். வழி தவறிய பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் வான் ஜேக்கப்சன் இதையே வழி கண்டுபிடிக்கும் தந்திரமாக மாற்றி ட்ரேஸ்ரூட்டை எழுதினார். யோசனை கொடுத்தவர் ஸ்டீவ் டீரிங்.

டவுன் பஸ்ஸை வைத்துச் சொன்னால் சுலபம். முதல் ஆளுக்கு ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் டிக்கெட். அவரை இறக்கிவிட்ட ஸ்டாப்பிலிருந்து "உங்க ஆள் இங்க இறங்கிட்டார்" என்று தகவல் வரும். அடுத்தவருக்கு இரண்டு ஸ்டேஜ். அடுத்தவருக்கு மூன்று. இப்படியே கடைசி ஸ்டாப் வரை. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் மூன்று பேரை அனுப்புவதால்தான் வரிக்கு மூன்று எண்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். அந்தத் தகவலை அனுப்புவது ஸ்டாப்பில் இருக்கும் டைம் கீப்பர். அவருடைய முதல் வேலை பஸ்களை அனுப்புவது. விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வது நேரம் இருந்தால்தான். ரவுட்டரும் அப்படித்தான்: பாக்கெட்டைக் கடத்துவது வேகமான வன்பொருள், பதில் எழுதுவது அதற்குள் இருக்கும் சின்ன சிபியு. பதிலே தராதபடியும் அமைத்திருப்பார்கள். அதனால் நடுவில் வரும் நட்சத்திரம் "பதில் வரலை" என்று மட்டும்தான் சொல்கிறது. "வழி அடைபட்டது" என்று சொல்லவில்லை. ஐந்தாவது வரியில் 180, ஆறாவதில் 12 என்றால், ஐந்தாவது ரவுட்டர் பதில் சொல்லத் தாமதித்தது, அவ்வளவுதான். ஒரு வரியில் ஏறிய தாமதம் கடைசி வரி வரைக்கும் இறங்காமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படி ஏறினாலும் அது கோளாறாக இருக்கணும்னு இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 1 மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர் தூரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆகவே 29 மில்லிசெகண்டுக்குக் குறைவாகப் பதில் வரவே முடியாது. கடலடி கேபிளைத் தாண்டும் வரியில் எண் சட்டென்று முப்பது கூடினால் அது தூரத்தின் விலை. இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். ஒரு முகவரி சிங்கப்பூரில் இருப்பதாக ஏதோ ஒரு தளம் சொல்கிறது, ஆனால் சென்னையிலிருந்து 6 மில்லிசெகண்டில் பதில் வருகிறது என்றால், அந்தத் தளம் சொல்வது தப்பு.

இன்னொன்று. ட்ரேஸ்ரூட் காட்டுவது போகிற வழியை மட்டும். பதில் வேறு வழியில் திரும்பி வரலாம். எந்த நெட்வொர்க் வழியாக அனுப்புவது என்பதைத் தூரத்தைவிட நிறுவனங்களுக்கு இடையேயான ஒப்பந்தங்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. முடிந்தால் எதிர்முனையில் இருப்பவரையும் நம் பக்கம் ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் படித்த பிறகு பழைய ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் படிக்காமல் தாண்டிய முதல் வரி: 192.168.1.1. என் வீட்டு ரவுட்டர். எண்கள் 2, 95, 4. பத்தடி தூரத்துக்கு 95 மில்லிசெகண்ட்! கடைசி வரியிலும் அதே துள்ளல். லேப்டாப்பில் வயரைச் செருகினேன். அன்று சாயங்காலம் கால் ஒருமுறைகூட நிற்கவில்லை. வைஃபைதான்.

அந்தப் பையனுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க. மாசக் கடைசில கணக்குப் பாப்பாங்க" என்றார். நான் பத்து நிமிஷத்தில் எழுதிய புகார் அவர் சம்பளத்தில் கை வைக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அன்றே வாபஸ் வாங்கினேன், காரணத்தையும் எழுதி.

நீங்களும் ஓட்டிப் பாருங்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் படித்த பிறகு நடுவில் இருப்பதற்கு வாருங்கள். புகார் எழுதுவதற்கு முன்னால் வயரைச் செருகிவிடுங்கள்.