ஏழு மோதிரங்களின் பற்றுவரவு

2018 பிப்ரவரி 4, மினியாபோலிஸ். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் டாம் பிரேடி 48 முறை பந்தை எறிந்தார். 28 பந்துகள் சகாக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 505 கெஜம், கோல் கோட்டைத் தாண்டிய 3 டச் டவுன்; ஒரு பந்துகூட எதிரணியிடம் பறிபோகவில்லை. சூப்பர் பவுலில் அதற்கு முன் யாரும் ஒரே ஆட்டத்தில் 500 கெஜத்தைத் தொட்டதில்லை. ஆனால் அவருடைய நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 33-41 என்று ஃபிலடெல்பியா ஈகிள்ஸிடம் தோற்றது.

மறு ஆண்டு, 2019 பிப்ரவரி 3, அட்லாண்டா. அதே பிரேடி, 35 எறிதல், 262 கெஜம், டச் டவுன் பூஜ்யம், பறிபோன பந்து ஒன்று. பேட்ரியாட்ஸ் 13-3 என்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸை வென்றது. பிரேடிக்கு அது ஆறாவது சாம்பியன் மோதிரம்.

அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் யார் என்ற வாதம் பெரும்பாலும் மோதிர எண்ணிக்கையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. பிரேடிக்கு 7, ஜோ மோன்டானாவுக்கு 4, பேட்டன் மானிங்குக்கு 2, டேன் மரீனோவுக்கு 0. மேலே உள்ள இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு எவ்வளவு கோணலானது என்று தெரியும். மோதிரம் கூட்டுக் கணக்கில் விழுந்த வரவு. அதை ஒருவர் பெயரில் முழுதாக எழுதிவிட முடியாது. என் கணக்கிலும் முதலிடம் பிரேடிக்குத்தான் வருகிறது. ஆனால் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவை வேறு எண்கள்.

இந்த ஆட்டத்தில் களத்தில் ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கையில் பந்து வருவதில்தான் தொடங்குகிறது. எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, யாருக்கு எறிவது என்பதெல்லாம் இரண்டு மூன்று வினாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் பந்து எதிரணியிடம் போனதும் அவர் வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார். தடுப்பாட்டத்துக்கு வேறு 11 பேர் இறங்குவார்கள். மூன்று புள்ளி பெற்றுத்தரும் ஃபீல்டு கோலை உதைப்பவரும் வேறு ஆள்.

பிரேடியின் ஏழு வெற்றிகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 3, 3, 3, 4, 6, 10, 22 புள்ளிகள். முதல் வெற்றி 2002 பிப்ரவரியில், ராம்ஸுக்கு எதிராக 20-17. பிரேடி எறிந்தது 145 கெஜம்தான். கடிகாரம் நிற்கும் கணத்தில் ஆடம் வினாடியேரி 48 கெஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து ஆட்டத்தை முடித்தது. 2015 பிப்ரவரியில் சியாட்டில் அணி கோல் கோட்டிலிருந்து 1 கெஜத்தில் நின்றது. மீதம் இருந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. சியாட்டில் எறிந்தது, புது வீரர்களை அணிகள் பங்கிட்டெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுமுகம் மால்கம் பட்லர் பாய்ந்து பந்தைப் பறித்தார். அன்று பிரேடி 4 டச் டவுன் எறிந்திருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். இருந்தாலும் அந்தக் கணத்தில் அவர் களத்துக்கு வெளியே இருந்தார். பட்லர் அரை அடி தள்ளி நின்றிருந்தால் அந்த 4 டச் டவுனும் தோல்விக் கணக்கில் போயிருக்கும்.

இன்னொரு எண் வரிசை இதைவிட அழுத்தமாகப் பேசுகிறது. பிரேடி வென்ற ஏழு சீசன்களில் அவரது அணி, குறைவான புள்ளி விட்டுக்கொடுத்ததில் லீக்கில் பெற்ற இடம்: 6, 1, 2, 8, 1, 7, 8. மோன்டானாவின் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் வென்ற நான்கு சீசன்களில்: 2, 1, 8, 3. இருவருடைய 11 பட்டங்களிலும் தடுப்பாட்டம் முதல் எட்டுக்குள் இருந்திருக்கிறது. ஒருமுறைகூட விதிவிலக்கு இல்லை.

பிரேடியின் வாழ்க்கையை மூன்றாக வெட்டினால் கதை இன்னும் தெளிவாகும். 2001 முதல் 2004 வரை 3 பட்டம். 2005 முதல் 2013 வரை ஒன்பது சீசன், பட்டம் பூஜ்யம். ஆனால் அவர் 50 டச் டவுன் எறிந்து அணியை 16-0 (16 வெற்றி, தோல்வி இல்லை) என்று கொண்டுபோன 2007 இந்த வறட்சிக்குள்தான் இருக்கிறது. மிக மதிப்புமிக்க வீரர் விருது அவர் பெற்றது மூன்று முறை; அதில் இரண்டு, 2007, 2010, இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள். பிறகு 2014 முதல் 2022 வரை 4 பட்டம். அவர் ஆட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் மோதிரம் வரவில்லை. மோதிரம்தான் திறமையின் அளவு என்றால் இந்த நடுப்பகுதியை எப்படிப் படிப்பது?

மோன்டானா தரப்பு முன்வைக்கும் கணக்கு அழகானது: 4 சூப்பர் பவுல், 4 வெற்றி, 122 எறிதல், 11 டச் டவுன், பறிகொடுத்தது பூஜ்யம். பிரேடி 10 சூப்பர் பவுலில் 421 எறிந்து 21 டச் டவுன், பறிகொடுத்தது 6, தோல்வி 3. இறுதிப் போட்டியின் தூய்மையை மட்டும் அளந்தால் மோன்டானாவுக்கு இணை கிடையாது. 1989 ஜனவரியில் சின்சினாட்டிக்கு எதிராக மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் 92 கெஜம் கடந்து, 34 வினாடி மீதமிருக்க ஜான் டெய்லருக்கு அவர் எறிந்த பந்தை இன்றும் பயிற்சியாளர்கள் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் '4-0' என்பது ஒரு பக்கத்தை மறைக்கிறது. 1985, 86, 87 சீசன்களில் 49அர்ஸ் நாக்-அவுட் கட்டமான பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது: 3-17, 3-49, 24-36. முதல் சுற்றில் தோற்றவருக்குக் கறை இல்லை, இறுதிவரை வந்து தோற்றவருக்குக் கறை உண்டு என்பது என்ன நியாயம்? இறுதிப் போட்டித் தோல்வி, முதல் சுற்றுத் தோல்வியைவிட மேலான வரவு. பிரேடியின் மூன்று தோல்விகளைக் கழித்தல் குறியோடு எழுதுபவர்கள் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு வீரரின் எடையை அறிய அவர் இல்லாத ஆண்டைப் பார்ப்பது நல்ல வழி. 2008 முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போனது. முந்தைய ஆண்டு 16-0 ஆன அணி, மேட் காசலை வைத்து 11-5. மோன்டானா காயத்தில் படுத்த 1991-ல் 49அர்ஸ் 10-6. அவருக்குப் பதில் ஸ்டீவ் யங் ஆடிய 1992-ல் 14-2. மானிங் கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 முழுவதையும் இழந்தார். 10-6 ஆக இருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2-14 ஆகச் சரிந்தது. மானிங் போய்ச் சேர்ந்த டென்வர் 8-8-இலிருந்து 13-3-க்கு ஏறியது. இந்த ஒரு வரிசையில் மானிங்கே முதல்வர். ஐந்து மிக மதிப்புமிக்க வீரர் விருதுகள் அவருக்குப் போனதில் வியப்பில்லை. அதே அளவுகோலில் பிரேடிக்கு ஒரு நல்ல வரவும் உண்டு. 2020-ல் அவர் விட்டுப்போன பேட்ரியாட்ஸ் 7-9. அவர் சேர்ந்த டாம்பா பே பக்கனியர்ஸ், முந்தைய ஆண்டு 7-9 ஆக இருந்தது, 11-5 ஆகி, கான்சஸ் சிட்டியை 31-9 என்று வென்று பட்டமும் பெற்றது.

இனி காலக் கணக்கு. ஐந்து பேரின் சீசன் ஆட்டங்கள்; முதலில் எறிந்த எண்ணிக்கை, அடுத்து ஓர் எறிதலுக்குக் கிடைத்த கெஜம், கடைசியில் நூறு எறிதலுக்கு எதிரணியிடம் பறிகொடுத்தது:

ஆட்டோ கிரஹாம் (1946–55): 2,626 | 8.98 | 5.1
ஜானி யுனைட்டஸ் (1956–73): 5,186 | 7.76 | 4.9
ஜோ மோன்டானா (1979–94): 5,391 | 7.52 | 2.6
பேட்டன் மானிங் (1998–2015): 9,380 | 7.67 | 2.7
டாம் பிரேடி (2000–22): 12,050 | 7.40 | 1.8

நடுப் பத்தியில் பிரேடி கடைசி. கடைசிப் பத்தியில் மற்ற நால்வரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டார். அவரது ஆட்டத்தின் சாரம் இதுதான்: நீளமாக எறிந்து அசத்துவதைவிட, பந்தைத் தொலைக்காமல் குறுகக் குறுக முன்னேறுவது. 12,050 முறை எறிந்து 212 முறைதான் பறிகொடுத்தார். பாதிக்கும் குறைவாக எறிந்த யுனைட்டஸ் பறிகொடுத்தது 253.

ஆனால் இதை யுனைட்டஸின் குறையாக எழுதுவது அநியாயம். அவர் காலத்தில் தடுப்பாட்டக்காரர் பந்து பிடிக்க ஓடுபவரைக் களம் நெடுக இடித்துத் தள்ளலாம். 1978-ல் அது முதல் 5 கெஜத்தோடு நிறுத்தப்பட்டது. குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் உள்ளங்கையை விரித்துத் தடுக்கவும் அதே ஆண்டு அனுமதி வந்தது. 1960 வரை சீசனுக்கு 12 ஆட்டம், பிறகு 14, 1978-ல் 16, 2021 முதல் 17. 1973-ல் லீக் ஏற்ற 'பாஸர் ரேட்டிங்' சூத்திரம் நான்கு விகிதங்களைக் கூட்டி அதிகபட்சம் 158.3 தரும், அதில் யுனைட்டஸ் 78.2, மோன்டானா 92.3, பிரேடி 97.2. இன்று 78.2 வாங்கும் ஆள் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே கடினம். யுனைட்டஸ் தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுன் எறிந்த சாதனையோ 2012 வரை நின்றது.

தன் காலத்தைவிட ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதே கேள்வி என்றால் இரண்டு பெயர்கள் மேலே வரும். ஒருவர் மரீனோ. ஒரு சீசனின் டச் டவுன் சாதனை 36 ஆக இருந்தபோது 1984-ல் அவர் 48 எறிந்தார். 5,084 கெஜமும் கடந்தார். அந்தக் கெஜக் கணக்கை 2011 வரை யாரும் தாண்டவில்லை. அந்த ஆண்டு சூப்பர் பவுலில் 16-38 என்று தோற்றவர், மறுபடி அந்த மேடைக்கு வரவே இல்லை. இன்னொருவர் ஆட்டோ கிரஹாம். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு 10 சீசன் ஆடினார், 10 சீசனும் அணி சாம்பியன் போட்டிக்குப் போனது, 7 வென்றது. 114 வெற்றி, 20 தோல்வி, 4 சமன். அவர் ஓய்வுபெற்ற மறு சீசனில் அணி 5-7. நான்கு பட்டங்கள் இன்றைய லீக்கான என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக இருந்த வேறொரு லீக்கில் வந்தவை என்பதால் பலர் அவரை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு விடை, பிரவுன்ஸ் 1950-ல் என்.எஃப்.எல்.-இல் நுழைந்த முதல் ஆண்டே பட்டத்தை வென்றது.

செலவுப் பக்கம் சுருக்கமானது. 2000 டிராஃப்டில் பிரேடி 199-ஆவது ஆள். அவருக்கு முன் 6 குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். ஐந்து பட்டம் வென்ற பார்ட் ஸ்டார் 1956-ல் 200-ஆவது. 1994-ல் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு வந்தது, 3.46 கோடி டாலர். அதன்பின் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் தடுப்பாட்டத்திடமிருந்து எடுத்ததுதான். 2013-ல் பால்டிமோர், ஜோ ஃபிளாக்கோவுக்கு 6 ஆண்டுக்கு 12.06 கோடி கொடுத்த பருவத்தில், பிரேடி 3 ஆண்டு நீட்டிப்புக்கு 2.7 கோடியில் கையெழுத்திட்டார். அந்த முதல் எட்டுக்குள்ளான தடுப்பாட்டங்களில் இந்த விட்டுக்கொடுத்தலுக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன். பற்றுப் பக்கத்தில் மறைக்கக் கூடாதவையும் உண்டு. எதிரணி சைகைகளைப் படம் பிடித்த 2007 விவகாரத்தில் பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பெலிசிக்குக்கு 5 லட்சம், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். பந்தின் காற்றழுத்த விவகாரத்தில் அணிக்கு 10 லட்சம், பிரேடிக்கு 2016-ல் 4 ஆட்டத் தடை.

இத்தனையையும் கழித்த பிறகும் பிரேடியை நான் முதலில் வைப்பது வயதுப் பத்தியால். மோன்டானா 38 வயதில் விலகிவிட்டார். மானிங் 39 வயதில் ஆடிய கடைசி சீசனில் 9 டச் டவுன், பறிகொடுத்தது 17. டென்வரின் தடுப்பாட்டம்தான் அவரைப் பட்டம் வரை சுமந்தது. பிரேடி 40 வயதில் மிக மதிப்புமிக்க வீரர். 44 வயதில் 5,316 கெஜம், 43 டச் டவுன். அந்த ஆண்டு இரண்டிலும் லீக்கில் முதலிடம். 37 வயதுக்குப் பிறகு மட்டும் 5 சூப்பர் பவுல், 4 பட்டம். மற்றவர்களின் கணக்கு முடிந்த வயதில் அவர் புதிதாக ஒரு மோன்டானாவையே சேர்த்திருக்கிறார். மொத்தம் 251 சீசன் வெற்றி. அடுத்த இடத்தில் உள்ளவர்களுக்கு 186. பிளேஆஃபில் 35 வெற்றி. மோன்டானாவின் 16-ஐயும், 2024 சீசன் வரையிலான பேட்ரிக் மஹோம்ஸின் 17-ஐயும் சேர்த்தாலும் 33.

மஹோம்ஸை ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் உச்சவரம்பில் 17.2 சதவீதம் தன் ஒருவர் சம்பளத்துக்குப் போயும் கான்சஸ் சிட்டிக்குப் பட்டம் வென்று தந்தார். அவ்வளவு பெரிய பங்கோடு அதுவரை எந்தக் குவார்ட்டர்பேக்கும் வென்றதில்லை. முந்தைய உச்சம் 1994-ல் யங்கின் 13.1. 29 வயதில் மஹோம்ஸுக்கு 5 சூப்பர் பவுல், 3 பட்டம். அதே வயதில் பிரேடிக்கும் 3 பட்டம்தான். இருவரையும் பிரிக்கப்போவது வயதுப் பத்திதான். மஹோம்ஸுக்கு 37 வயது ஆவது 2032 செப்டம்பரில்.