அருவியா, ஊர்க்குளமா?

ஆனி பிறந்து, ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று சாரலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் தென்காசிப் பக்கம் பேச்செல்லாம் அருவிதான். குற்றாலப் பேரருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் அஞ்சும் விழுதா என்பதே விசாரிப்பு. இயற்கை மனத்துக்கு நல்லது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடி, கடன், நோய், சாவு என்று ஏதோ ஒன்று உலுக்கிப்போட்ட வீட்டில் வளரும் குழந்தைக்கு அந்த இயற்கை என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆய்வுகள் தரும் விடையில் குற்றாலத்துக்குப் பெரிய இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் குளத்துக்கும் பள்ளி வளாகத்து வேம்புக்கும்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் கிராமப்புறங்களில் 337 சிறுவர் சிறுமியரை நான்சி வெல்ஸ், கேரி எவன்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். சன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது, வீட்டுக்குள் செடி உண்டா, முற்றத்தில் புல் உண்டா என்று எளிய விஷயங்களைத்தான் கணக்கெடுத்தார்கள். ஒரே அளவு தொல்லைக்கு ஆளான பிள்ளைகளில், சுற்றிலும் பச்சை அதிகம் இருந்தவர்களின் மனம் குறைவாகவே அலைக்கழிந்தது. தொல்லை கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடியது என்பதுதான் இதில் முக்கியம். அதாவது, சுகமாக வளர்கிற குழந்தையைவிட அடிபட்ட குழந்தைக்கே மரம் அதிகம் உதவுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்கு ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1989இல் விரிவாக முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. அப்பா எந்த மனநிலையில் வீடு திரும்புவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கவனம் ஓயாமல் வேலை செய்கிறது. மடையில் ஓடும் நீரும், கொக்கு மீனுக்காகக் காத்து நிற்பதும் எதையும் கேட்காமலே குழந்தையின் பார்வையை ஈர்த்துக்கொள்கின்றன; களைத்துப்போன கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது.

வசதியானவர்கள்தான் மரம் சூழ்ந்த தெருவில் குடியிருப்பார்கள், அந்த வசதியின் பலனை மரத்தின் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்மார்க்கில் 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, குடும்ப வருமானத்தையும் பெற்றோரின் மனநோய் வரலாற்றையும் கழித்துப் பார்த்தது. அப்போதும், மிகக் குறைந்த பசுமையில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநோய் வரும் வாய்ப்பு, நோயைப் பொறுத்து, 55 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. மரம்தான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த ஆய்வு அளந்தது வீட்டைச் சுற்றி 210 மீட்டர் சதுரத்தை. பசுமையில் வாழ்ந்த ஆண்டுகள் கூடியதற்கேற்ப ஆபத்து குறைந்தது. ஆண்டுக்கொரு முறை போடும் அருவிக் குளியல் இந்தக் கணக்கில் வராது.

இன்னும் கடினமான ஆட்சேபம் தென்காசியிலேயே இருக்கிறது. மலையும் வயலும் குளமும் கண்ணெதிரே இருந்தும், இந்த மாவட்டத்தின் பீடித் தொழில் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் தாயோடு உட்கார்ந்து இலை வெட்டியே வளர்ந்தார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைச் சிறுவருக்குத் தடுத்தது, ஆனால் குடும்பத்தாரோடு செய்கிற வேலைக்கு விலக்குத் தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பிள்ளைகளை எங்கே காப்பாற்றியது? காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. வறுமைக்குப் பதிலாகக் காட்சியைத் தர முடியும் என்று நினைப்பது சுற்றுலாத் துறை விளம்பரத்துக்குப் பொருந்தலாம். குளம் பக்கத்தில் இருந்தால் போதாது, அங்கே போகப் பொழுதும் வேண்டும். பெண்பிள்ளைக்குப் பொழுதோடு அனுமதியும் வேண்டும்.

ஒரு பெரியவரும் வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர் எம்மி வெர்னர். பெரும் நெருக்கடிகளுக்கிடையே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார். அவர்கள் பெரும்பாலோருக்கு அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார். இயற்கை இதற்கு மாற்று அல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இரண்டையும் சேர்த்தே வைத்தது: தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் நடுவே விளையாட, பயிற்சி பெற்ற பெரியவர்கள் கூடவே இருந்தார்கள்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். இயற்கையைத் தாய்மடி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. குளமும் பிள்ளைகளை விழுங்கியிருக்கிறது, கண்டபடி மண்ணள்ளிய குளம் இன்னும் மோசம். அதனால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுவதா? நீரை அறிந்த ஒருவர் கூடப் போவதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்களைக் கூட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. மன ஆறுதல் அதன் நோக்கமல்ல. ஆனாலும் பக்கத்துக் குளம், கூட வரும் பெரியவர், ஒதுக்கிய பொழுது மூன்றும் அங்கே ஒன்றாக அமைகின்றன. பள்ளிகள் இதையே வாரம் ஒரு பாடவேளையாக வைத்துக்கொள்ளலாம். பள்ளி நேரத்துக்குள் நடந்தால், மாலையில் வெளியே விடாத வீட்டுப் பெண்பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.